கொடி ஏறி முடியும்வரை

அன்புள்ள அண்ணனுக்கு,

உன்னைத் தேடி ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம் ஒருவரும் கடலில் இறங்கவில்லை. படகு இருந்தது, டீசல் இருந்தது, கரை நிறைய ஆள் இருந்தது. உன்னைக் காப்பாற்றியது யாருடைய சாமி என்று ஊர் பேச வேண்டும் என்பதில்தான் இரண்டு கூட்டத்துக்கும் ஒத்துவரவில்லை.

கடலில் உனக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. கரையில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. உன் பங்கை நீ சொல்ல வழியில்லை. என் பங்கை நான் சொல்லிவிடுகிறேன். ஊரில் எல்லோரும் வாசிக்கட்டும் என்றுதான் இதை அச்சுக்குக் கொடுக்கிறேன். வாசித்துவிட்டு என்மேல் கோபப்படுகிறவர்கள் அந்த நேரத்தில் தாங்கள் எங்கே நின்றோம் என்று முதலில் நினைத்துப் பார்க்கட்டும்.

முதலில் உன்னைப் பற்றி. செத்தவன் என்பதற்காக உன்னை விட்டுவிடப் போவதில்லை.

நீ நம் கத்தோலிக்கக் கோயிலை விட்டுப் பாஸ்டரின் ஜெப வீட்டுச் சபைக்குப் போனது குடியை விடுவதற்கு. விட்டாய். மதினி அந்த வருடம்தான் நிம்மதியாகத் தூங்கினாள். அதற்காக அந்தப் பாஸ்டருக்கு இன்றும் நன்றி சொல்வேன். ஆனால் குடி காலி செய்துவிட்டுப் போன இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. ஆறு மாதத்துக்குள் தண்ணீரில் முங்கி ஞானஸ்நானம் எடுத்து நீ இரட்சிக்கப்பட்டவன், நாங்கள் எல்லோரும் விக்கிரகக்காரர்கள். நம்மைப் பெற்றவளின் கழுத்தில் கிடந்த, மாதா படம் தைத்த உத்தரியக் கயிற்றைக் காட்டி "இந்தக் கயிறு உன்னைக் கரை சேர்க்காது" என்று அவள் நோயில் கிடந்தபோது சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அன்றைக்கே உன்னை அடித்திருக்க வேண்டும்.

பிறகு படகு. அப்பா காலத்திலிருந்து 'சந்தியாகப்பர்' என்று இருந்த பெயரை ஒரே சாயங்காலத்தில் வெள்ளை பெயிண்ட் அடித்து மறைத்து, மேலே 'எபெனேசர்' என்று பைபிள் பெயர் எழுதினாய். ஊர்க்கமிட்டி உடனே கூடியது. உன்னோடு கடலுக்கு யாரும் போகக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். பத்து வருடம் உன்னோடு வலை இழுத்தவர்கள் மறுநாள் காலையில் உன்னைக் கடந்து போனார்கள். நீ அதையும் பாடாக, சிலுவையாக, பெருமையாக எடுத்துக்கொண்டாய். அவர்களுக்கு உன்னை ஒதுக்கியதில் பெருமை, உனக்கு ஒதுக்கப்பட்டதில் பெருமை. நடுவில் மதினி ஒரு பானைத் தண்ணீர் பிடிக்கக்கூடக் குழாயடியில் முகம் கொடுப்பார் இல்லாமல் நின்றாள். அவளுக்கு எந்தப் பக்கத்துப் பெருமையிலும் பங்கு கிடைக்கவில்லை.

வெளியூர்க்காரர்கள் யாரேனும் இதை வாசித்தால் அவர்களுக்காக ஒன்று. எங்கள் ஊரில் சந்தியாகப்பர் கோயில் கொடியேற்றம் அன்று ஒரு படகும் தண்ணீரைத் தொடக்கூடாது. எல்லாப் படகையும் மணலில் வரிசையாக இழுத்துப் போட்டு, தோரணம் கட்டி வைப்போம். கொடி ஊரைச் சுற்றி வந்து, மரத்தில் ஏறி, சாமியார், அதாவது எங்கள் ஃபாதர், படகு படகாக மந்திரித்த தண்ணீர் தெளித்து முடித்த பிறகுதான் இறக்கலாம். யார் எப்போது ஆரம்பித்ததோ தெரியாது. மீறினவர்கள் இல்லை, நீ வரும்வரை.

போன வருடக் கொடிக்கு முந்தின நாள் டீக்கடையில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். கமிட்டித் தலைவர் அண்ணாச்சிதான் ஆரம்பித்தார்.

"ஏலே சூசை, நாளைக்குக் கொடி. படகைக் கொண்டாந்து வரிசையில போடு. மத்ததப் பொறவு பேசிக்கிடலாம்."

"எம் படகுக்குத் தண்ணி தெளிக்க வேண்டாம் அண்ணாச்சி. அது இரட்சிக்கப்பட்ட படகு."

"அப்படியா? படகும் முங்கி எந்திச்சோ?"

கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். உன் முகம் சிவந்ததைப் பார்த்துக்கொண்டேதான் சிரித்தேன்.

"நாளைக்கு நண்டு வலை எடுக்கப் போறேன். உங்க சந்தியாகப்பர் என்னைய என்ன செய்யுதாருன்னு பாக்கேன்."

"போ, போ. போயிட்டு வந்து சாட்சி சொல்லு."

நீ எதற்காகப் போனாய் அண்ணே? நண்டுக்காகவா? வலை ஒரு நாள் கூடக் கிடந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நீ போனது காட்டுவதற்கு. கச்சான் காற்று, தரையிலிருந்து கடலைப் பார்த்துத் தள்ளுகிற காற்று, நாலு நாளாக ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. என்ஜின் இருமுகிறது என்று நீயே மதினியிடம் சொல்லியிருந்தாய். ஆனாலும் போனாய். ஒரு ஊரை முட்டாளாக்கிக் காட்டுவது உனக்கு அவ்வளவு முக்கியமாக இருந்தது.

இனி என் பங்கு.

அன்று காலை ஏழு இருபத்தைந்துக்கு என் போன் அடித்தது. நான் கொடிமரத்தடியில் கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எந்தச் சாமியிடமும் நம்பிக்கை இல்லை என்பது ஊருக்கே தெரியும். துறைமுகத்தில் கன்டெய்னர் கட்டுகிறவன் முடிச்சு நன்றாகப் போடுவான் என்று கயிற்றை என்னிடம் கொடுத்திருந்தார்கள். திரையில் உன் பெயர். நீ தினமும் காலையில் வசனம் பேசி அனுப்புவாய். சில நாள் நேரடியாகவே கூப்பிட்டு, "தம்பி, இன்னைக்கு நீ செத்தா எங்க போவ?" என்று கேட்பாய். கொடிநாள் அன்று விடுவாயா? கட் பண்ணினேன். இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும் அடித்தது. மறுபடியும் கட் பண்ணினேன். பக்கத்தில் நின்றவனிடம், "எங்க வீட்டு அப்போஸ்தலர்" என்று சொன்னேன். அவன் சிரித்தான்.

இதை மதினியிடம் சொல்ல எனக்கு நான்கு மாதம் ஆனது. உனக்கு இப்போதுதான் சொல்கிறேன்.

என்னை விட்டுவிட்டு நீ உன் சபை சாமுவேலைக் கூப்பிட்டாய். "என்ஜின் நின்னுட்டு, காத்து வெளிய தள்ளுது, ஊருல சொல்லி ஆள் அனுப்பு." அவ்வளவுதான் நீ சொன்னது. மணி ஏழரை. சாமுவேலே பிறகு என்னிடம் சொன்னான். அவன் ஓடியது ஊருக்குள் இல்லை, வடக்குத் தெருவில் இருக்கும் ஜெப வீட்டுக்கு. பாஸ்டர் அங்கே பதினைந்து பேரோடு உபவாச ஜெபத்தில் இருந்தார். கொடியேற்றத்துக்கு எதிர்ப்பாக ஒவ்வொரு வருடமும் இருக்கிற உபவாசம் அது.

பாஸ்டர் கண்ணை மூடி யோசித்துவிட்டுச் சொன்னாராம்: "ஊருக்குச் சொல்ல வேண்டாம். அவங்க போய்க் கூட்டிட்டு வந்தா அவங்க சந்தியாகப்பருக்குத்தான் மகிமை போகும். முதல்ல ஜெபிப்போம். இன்னைக்குப் பிரதர் ஜோசப் மூலமா கர்த்தர் இந்தக் கடற்கரைக்கு ஒரு சாட்சி வச்சிருக்கார்." ஊருக்குச் சூசையாக இருந்த நீ சபையில் ஜோசப்.

நாற்பத்தைந்து நிமிடம் ஜெபித்தார்கள். நடுவில் நீ இன்னொரு முறை கூப்பிட்டிருக்கிறாய். "தண்ணி உள்ள ஏறுது" என்றாயாம். பாஸ்டர் போனை வாங்கி, "விசுவாசமா இருங்க பிரதர், அலை அதட்டப்படுது" என்று சொல்லி வைத்துவிட்டார். உனக்கு அப்போது என்ன தோன்றியது? ஆமென் சொன்னாயா? இல்லை, நீயும் எங்களைப்போல ஒரு கெட்ட வார்த்தை சொன்னாயா? சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

அங்கே இருந்த பதினைந்து பேரில் ஒருத்திக்குத்தான் பொறுக்கவில்லை. இட்லிக்கடை ஸ்டெல்லா. முழங்காலில் நின்றவள் எழுந்து கதவைத் திறந்துகொண்டு ஓடி மதினியிடம் சொன்னாள். அவளைச் சபையிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஜெபத்தை உடைத்தாளாம். அதனால்தான் அற்புதம் நடக்கவில்லையாம்.

எட்டு இருபதுக்கு மதினி கோயில் மைதானத்துக்குள் தலைவிரிகோலமாக வந்தாள். கொடி அப்போதுதான் ஊரைச் சுற்றி வந்து மரத்தடியில் நின்றது. வரிசையில் அறுபது படகு, எல்லாம் தோரணத்தோடு. நண்டு வலை கிடக்கும் இடம் தொழில்காரர்களுக்குத் தெரியும், இறக்கினால் இருபது நிமிடத்தில் அங்கே வந்து தேடியிருக்கலாம்.

"கொடி ஏறட்டும் தாயி" என்றார் தலைவர் அண்ணாச்சி. "கொடி ஏறட்டும், சாமி தண்ணி தெளிக்கட்டும், ஊரே இறங்கிரும். இப்போ இறக்கினா வருசம் பூராவும் தொழில் படுத்துரும்."

"அண்ணாச்சி, அவுக முங்கிக்கிட்டு இருக்காவ."

"அவன் பெயிண்ட் அடிச்சு அழிச்ச பேரை இப்போ கூப்பிடட்டும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அதற்கும் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்கள் பெயர் எனக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியும் எனக்குத் தெரியும் என்று.

பிறகு இன்னொருவர் மிகவும் கனிவாக ஒரு யோசனை சொன்னார். மதினி கொடியைத் தொட்டு நேர்ந்துகொள்ள வேண்டும். நீ உயிரோடு திரும்பினால் குடும்பத்தோடு கோயிலுக்குத் திரும்பிவிடுவதாக ஊர் முன்னால் சொல்ல வேண்டும். அவள் சொன்னாள். எதைச் சொல்லச் சொன்னாலும் சொல்லியிருப்பாள். ஒரு தடவை சொன்னதைக் கடைசியில் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை என்று மைக்கைக் கொடுத்து மறுபடியும் சொல்ல வைத்தார்கள்.

சாமியார் என்ன செய்தார் என்று கேட்பாய். பிரசங்கத்தைச் சுருக்கினார். இருபது நிமிடப் பிரசங்கத்தை ஐந்து நிமிடத்தில் முடித்தார். அதை இன்றைக்கும் தன் இரக்கத்துக்கு அடையாளமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கயிறு என் கையில் இருந்தது. நான் அதை விட்டிருக்கலாம். கொடி பாதியில் விழுந்தால் ஊருக்கு ஆகாது என்று பக்கத்தில் ஒருவன் முனகினான். எதையும் நம்பாத நான், உச்சிவரை இழுத்துக் கட்டிவிட்டுத்தான் கீழே பார்த்தேன். மதினியும் ஸ்டெல்லாவும் இரண்டு மீன்காரப் பெண்களும் கரையில் ஒரு படகைத் தோளால் முட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நாலு பெண்கள் தள்ளி அசைகிற படகா அது? மணலில் ஒரு முழம்கூட நகரவில்லை. தோரணம் மட்டும் அறுந்து விழுந்தது. அதற்கும் ஒருவன் "ஏளா, மந்திரிக்காத படகைத் தொடாதிய" என்று சத்தம் போட்டான்.

அப்போதுதான் கடலோரக் காவலுக்குப் போன் செய்தேன். எந்தத் திசை, எவ்வளவு தூரம், லொக்கேஷன் இருக்கிறதா என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. உன்னைத் திருப்பிக் கூப்பிட்டேன், லைன் போகவில்லை. ஏழு இருபத்தைந்துக்கு நான் போனை எடுத்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஒன்பது பத்துக்குப் படகுகள் இறங்கின. அறுபதும். ஈரம் காயாமல், மந்திரித்த தண்ணீர் சொட்டச் சொட்ட. பார்க்க மிகவும் அழகாக இருந்தது, யாரோ வீடியோகூட எடுத்தார்கள்.

சந்தியாகப்பரே வலை இழுத்தவர். செபதேயு மகன், இயேசுவின் சீடர். அவர் அந்த மைதானத்தில் நின்றிருந்தால் கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாரா?

மூன்றாம் நாள், இலங்கைக்குப் பாதி தூரத்தில் உன் படகைக் கவிழ்ந்த நிலையில் விசைப்படகுக்காரர்கள் கண்டு கட்டி இழுத்து வந்தார்கள். நீ இல்லை. அலை அடித்து அடித்து உன் வெள்ளை பெயிண்ட் உரிந்திருந்தது. 'எபெனேசர்' பாதி, அதற்குக் கீழே 'சந்தியாகப்பர்' பாதி. அண்ணே, நீ சிரிப்பாய். ஊர்க்காரர்கள் கீழ்ப் பெயரைத் தொட்டு, "பாத்தியளா, அழிக்க முடியல" என்றார்கள். சபைக்காரர்கள் அடுத்த நாள் வந்து மேல் பெயரைத் தொட்டு, "பாத்தீங்களா, நிலைச்சிருக்கு" என்றார்கள். படகுக்குள் உன் ஒற்றைச் செருப்பு மாட்டிக் கிடந்தது. அதை இரண்டு கூட்டமும் தொடவில்லை. மதினிதான் எடுத்துக் கழுவினாள்.

அடுத்த ஞாயிறு கோயிலில் கட்டுப்பாட்டை மீறுவதன் விளைவு பற்றிப் பிரசங்கம். உன் பெயர் சொல்லப்படவில்லை, அவ்வளவு நாகரிகம். அதே ஞாயிறு ஜெப வீட்டில், கூடாரத்துக்குள் ஒளித்துவைத்த சாபத்தீடான பொருளால் ஒரு ஜனமே தோற்றுப்போனது பற்றிப் பிரசங்கம். துக்கம் கேட்க வந்த சபைப் பெண்கள் மதினியின் அரிசிப் பெட்டிக்குள் பார்த்த செபமாலைதான் அந்தப் பொருள் என்று எல்லோருக்கும் புரிந்தது. ஆக, நீ செத்ததற்கு ஒரு பக்கம் காரணம் நீ, மறு பக்கம் காரணம் உன் பெண்டாட்டி. இரண்டு மேடையிலும் மைக் பிடித்தவர்களுக்கு மட்டும் அதில் பங்கில்லை.

இதையெல்லாம்கூட நான் விழுங்கியிருப்பேன். ஊர் இப்படித்தான், ஒரு நாள் துறைமுகத்திலிருந்தே எங்காவது கப்பலேறிப் போய்விடலாம் என்று இருந்திருப்பேன். ஆக்னஸ் விடவில்லை.

உன் மகளுக்கு ஒன்பது வயது முடிந்துவிட்டது. முன்பல் முளைத்துவிட்டது. உன்னைப் போலவே சாதத்தைப் பிசையாமல் சாப்பிடுகிறாள். இந்த வருடம் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, எடுக்க வேண்டும் என்று மறைக்கல்வி வகுப்புக்கு அனுப்பினாள் மதினி. அங்கே ஒரு டீச்சர், "உங்கப்பாவுக்காக நல்லா செபம் பண்ணு, அவரு ரொம்பக் கஷ்டத்துல இருப்பாரு" என்று சொல்லியிருக்கிறாள். சபையிலிருந்து ஒரு அக்கா வழியில் நிறுத்தி, "செத்தவங்களுக்கு ஜெபம் கிடையாதும்மா, இருக்கும்போதே வீட்டைச் சுத்தம் பண்ணியிருக்கணும்" என்று சொல்லியிருக்கிறாள். இரண்டும் ஒரே வாரத்தில்.

அவள் என்னிடம் வந்து கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

"சித்தப்பா, அப்பா எந்த நரகத்துல இருக்காவ?"

"ஏம்ளா அப்படிக் கேக்க?"

"கோயில்லயும் அப்படித்தான் சொல்லுதாவ, சபையிலயும் அப்படித்தான் சொல்லுதாவ. ரெண்டும் ஒரே நரகமா, வேற வேறயா? ஒண்ணுன்னா ஒரு செபம் போதும். ரெண்டுன்னா நான் ரெண்டும் சொல்லணும்லா."

ரெண்டும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். முழங்கால் போட்டுச் செபமாலை, பிறகு கையைத் தூக்கி ஸ்தோத்திரம். எது உனக்கு எட்டும் என்று தெரியாமல் இரண்டும். மூளையுள்ள பிள்ளை. நம் ஊரில் உன்னைப் பற்றி உண்மையிலேயே கவலைப்பட்டு யோசித்த ஒரே ஆள் அவள்தான்.

அன்றைக்கு அவளிடம் உள்ளதைச் சொன்னேன். அப்பா போன் பண்ணினார், சித்தப்பா எடுக்கவில்லை என்று. அவள் அழவில்லை. "மத்தவங்க?" என்று கேட்டாள். மற்றவர்கள் தங்கள் பங்கைத் தாங்களேதான் சொல்ல வேண்டும் என்றேன்.

ஜனவரியில் டவுனில் கிறிஸ்தவ ஒன்றிப்பு விழா நடந்தது. எல்லாச் சபைக்காரர்களும் வருடத்துக்கு ஒரு சாயங்காலம் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டு, மற்ற முந்நூற்றுச் சொச்சம் நாளும் ஒருவரையொருவர் நரகத்துக்கு அனுப்புகிற ஏற்பாடு. இந்தத் தடவை நம் பாஸ்டரையும் அழைத்திருந்தார்கள். சாமியார் பாஸ்டருக்குப் பொன்னாடை போர்த்தினார். பாஸ்டர் சாமியாருக்குப் போர்த்தினார். யாருடைய பெயர் நோட்டீசில் மேலே போட்டிருந்தது என்பதில் விழா அரை மணி நேரம் தாமதம். நம் தலைவர் அண்ணாச்சி முதல் வரிசையில். "நாம் அனைவரும் ஒரே படகில்" என்று மேடைக்குப் பின்னால் எழுதியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு எழுந்து போயிருப்பேன். ஆக்னஸ் என் கையைப் பிடித்திருந்தாள்.

கேள்வி இருக்கிறவர்கள் கேட்கலாம் என்றார்கள். ஆக்னஸ் போய் மைக்கை வாங்கினாள். மைக் அவள் உயரத்துக்கு மேலே இருந்தது, ஸ்டாண்டிலிருந்து கழற்றிக் கொடுத்தேன்.

"ஃபாதர், பாஸ்டர், எங்கப்பா போன் பண்ணின நேரம் நீங்க என்ன செஞ்சிக்கிட்டு இருந்திய?"

சாமியார் புன்னகையோடு முன்னால் குனிந்தார். "விழா முடியட்டும்மா. அப்புறமா உக்காந்து பேசுவோம்."

பாஸ்டர் எழுந்து கையை உயர்த்தினார். "இந்தச் சின்ன மகளுக்காக முதல்ல ஜெபிப்போம்."

எல்லோரும் தலை குனிந்தார்கள். முந்நூறு பேர். மேடையில் எல்லாச் சபையும் ஒன்றாகக் கண்ணை மூடியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆக்னஸ் மட்டும் கண்ணைத் திறந்தபடி, மைக்கை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, பதில் வரும் என்று நின்றாள்.

அண்ணே, இன்னும் ஒன்பது நாளில் இந்த வருடக் கொடி. உன் படகைச் சரி செய்துவிட்டேன். என்ஜின் மாற்றியாகிவிட்டது. இரண்டு பெயரையும் சுரண்டிவிட்டேன், ஒன்றும் எழுதவில்லை. கொடி ஏறும் நேரத்தில் அது வரிசையில் இருக்காது. தண்ணீரில் இருக்கும், என்ஜின் ஓடிக்கொண்டு, நானும் போனும் அதற்குள். இனி ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். அந்தக் கடலில் அன்றைக்கு எவன் மாட்டிக்கொண்டாலும், அவன் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், முதல் மணியிலேயே நான் எடுப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

மற்ற மூவருக்கும் சொல்ல வேண்டியது ஒன்றுதான். ஃபாதர், பாஸ்டர், அண்ணாச்சி, எங்கள் வீட்டுக்கு வாருங்கள். சேர்ந்து வர வேண்டாம், யார் முன்னால் நடப்பது என்று சண்டை வரும். தனித்தனியாக வாருங்கள். பொன்னாடை வேண்டாம், பைபிள் வேண்டாம், தீர்த்தம் வேண்டாம். ஆக்னஸ் முன்னால் நின்று, "உங்க அப்பா கூப்பிட்டார், நாங்கள் போகவில்லை" என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

அவள் கேட்டது ஜனவரியில். இது ஜூலை.

போனை எடுக்காத
உன் தம்பி,
ஆக்னஸின் சித்தப்பா